சிவப்பு எரியக் கூடாத பக்கம்

எந்திரங்களுக்கு வாயாக இருக்கிற தொழில் ஒன்று உண்டு. அதில் எந்திரத்துக்குப் போக வேண்டிய திட்டெல்லாம் வாய்க்குத்தான் வந்து சேரும்.

நான் அந்தத் தொழிலில் இருந்தேன். ஒய்2கே பயம் ஓய்ந்திருந்த சமயம். பெங்களூர் பொம்மனஹள்ளியில் யு.பி.எஸ். கேபினட் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. பீரோ அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர்கள் நிற்காமல் ஓட அதனுள்ளே பேட்டரிகள், சூடு தணிக்க ஃபேன்கள். அந்தப் பெட்டியின் வயிற்றுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கார்டு இருக்கும். அந்தக் கார்டில் ஓடுகிற குட்டி வெப் சர்வரை எழுதுவது என் வேலை. நீங்கள் வேறு மாடியில் உட்கார்ந்துகொண்டு பிரவுசரில் ஒரு நம்பரைத் தட்டினால், பெட்டி தன் உடம்பைப் பற்றித் தானே ஒரு பக்கத்தில் சொல்லும். சூடு எவ்வளவு, எந்த ஃபேன் ஓடுகிறது, பேட்டரி எப்படி இருக்கிறது எல்லாம் அதில் வரும். நலம் என்றால் பச்சை, கவனி என்றால் மஞ்சள், ஓடி வா என்றால் சிவப்பு.

சந்தாபுரா பக்கம் ஒரு பெரிய அலுவலகம் எங்கள் கேபினட் இரண்டைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளச் சம்மதித்தது. அதே அறையில் வேறொரு கம்பெனியின் கேபினட்டும் நின்றது. அடுத்த கோடை முடியும்போது யாருடையது உசத்தி என்று பார்த்து மொத்த ஆர்டரையும் அவர்களுக்கே தருவார்களாம். எங்களுக்குக் கிடைத்தால் என் வேலை நிரந்தரம், கிடைக்காவிட்டால் கார்டு பிரிவையே மூடிவிடுவதாக எங்கள் எம்.டி. நாகராஜ் சார் முதலிலேயே சொல்லிவிட்டார். மூடினால் ஈஜிபுரா அறையைக் காலி செய்துவிட்டுக் குடியாத்தத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கே அப்பா என் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். சர்வீஸ் லைனில் அடி வாங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சுழலும் சின்னம்

கார்டில் இடம் மகா குறைச்சல். ஒரு ஃப்ளாப்பியில் பாதிகூடக் கிடையாது. அதற்குள்தான் சர்வர், பக்கங்கள், படங்கள் எல்லாம் அடங்க வேண்டும். நான் ஒவ்வொரு வரியாகக் கிள்ளி எடுத்து இடம் மிச்சம் பிடித்து, பழைய கோளாறுகளைத் தேதியோடு நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு பகுதியையும் உள்ளே திணித்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. டாக்டரிடம் போனாலும் ‘இதற்கு முன்னால் எப்போது வந்தது?’ என்றுதானே முதலில் கேட்கிறார்?

நாகராஜ் சார் பக்கத்தைப் பார்த்தார். சூட்டைப் பார்க்கவில்லை, ஃபேனைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த கம்பெனிச் சின்னத்தைப் பார்த்தார். இது ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது, ஏன் சும்மா நிற்கிறது என்று கேட்டார். அவருக்கு அது பெரிதாக, சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். சுழல்கிற படம் என்றால் பல படங்களின் அடுக்கு. செய்து பார்த்ததில் அது என் சர்வரைவிடப் பெரிதாக வந்து நின்றது. எதையாவது ஒன்றைத் தூக்கி எறிந்தால்தான் இடம் கிடைக்கும் என்று அவர் முன்னால் போய் நின்றேன். பழைய கோளாறுகளின் நினைவு போய்விட்டால், ஒரு ஃபேன் புதிதாகக் கெட்டதா அல்லது மாசா மாசம் கெடுகிறதா என்று யாருக்கும் தெரியாமல் போகும் என்பதையும் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

“ஹிஸ்டரி யாருக்கும்மா பேக்கு, யாருக்கு வேணும்? லோகோ சுத்தணும். கஸ்டமர் கண்ணுல மொதல்ல அதுதான் படும்.”

இரட்டைப் பிறவிகள்

வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி, நெட்வொர்க்கில் சேர்கிற ஒவ்வொரு கார்டுக்கும் பிறவி நம்பர் ஒன்று உண்டு. உலகத்தில் வேறெந்தக் கார்டுக்கும் அந்த நம்பர் இருக்கக் கூடாது. அத்திபெலேயில் இருந்த எங்கள் உற்பத்திக் கூடத்துக்கு நான் ஒரு மாதிரிக் கார்டு அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் நம்பரை மாற்றிப் பதிய வேண்டும் என்று கோபாலிடம் போனிலும் சொன்னேன், நேரிலும் சொன்னேன். கோபால் அந்தக் கூடத்தின் பொறுப்பாளர், சுறுசுறுப்பான மனிதர். மாதிரியை அப்படியே நகல் எடுத்து, ஒரு குறையும் இல்லாமல், நம்பர் உட்பட எல்லாக் கார்டிலும் ஏற்றிவிட்டார்.

சந்தாபுராவில் மாட்டிய இரண்டு கேபினட்டுக்கும் ஒரே நம்பர். நெட்வொர்க்குக்கு யார் யாரென்றே தெரியவில்லை. முதல் கேபினட்டைத் துடைப்பதற்காக நிறுத்தியிருக்கிறார்கள். அது ஓடுகிறது என்று பக்கம் சொல்கிறது. இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கிறது, அது செத்துவிட்டது என்று பக்கம் சொல்கிறது. ஒரே வாயால் இரண்டு பேருக்கும் பதில் சொன்னால் எப்படி இருக்கும்? பழி சர்வர் மேல். சர்வர் என்றால் நான். மூன்று பஸ் மாறி அத்திபெலேக்குப் போய், கோபாலை உட்கார வைத்து, நம்பர் என்றால் என்ன, நகல் என்றால் என்ன என்று பாடம் நடத்தினேன். அவர் எனக்கு டீ வரவழைத்தார். முழுவதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

“ஒரே அச்சுல வார்த்தா ஒரே மாதிரிதானே மேடம் வரும்? இனிமே ஒரு எடத்துக்கு ஒண்ணு மட்டும் வித்துடுங்க, சண்டையே வராது.”

எல்லோரும் பார்த்தார்கள்

நம்பர் கோளாறை நானே கையால் சரி செய்த பிறகு பக்கம் ஒழுங்காக வந்தது. அந்த அலுவலகத்தின் கட்டடம், கரண்ட், ஏ.சி. எல்லாவற்றுக்கும் மேனேஜர் பொன்னப்பா. குடகுக்காரர், நல்ல உயரம், எல்லோரிடமும் கை குலுக்குவார். அவருக்கு என் பக்கம் பிடித்துப்போய்விட்டது. எனக்கும் அந்த ஒரு வாரம் கால் தரையில் படவில்லை. தன் சந்தோஷத்தை அவர் பகிர்ந்துகொண்டார். ரிசப்ஷனில் ஒன்று, செக்யூரிட்டி அறையில் ஒன்று, அக்கவுண்ட்ஸில் ஒன்று, பெரிய அதிகாரியுடைய செக்ரட்டரியிடம் ஒன்று என்று பார்க்கிற திரையிலெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டார்.

என் சர்வரோ ஒண்டிக்கட்டை. சின்ன மெஸ்ஸில் சமைப்பவரே பரிமாறவும் செய்வார், பார்த்திருப்பீர்கள். நாலு பேர் வந்தால் சமாளிப்பார். பந்தி நிறைந்துவிட்டால் அடுப்பில் இருப்பது கருகத்தான் செய்யும். அத்தனை திரைகளும் சில நொடிக்கு ஒரு தரம் ‘இப்போது எப்படி? இப்போது எப்படி?’ என்று கேட்க, பதில் சொல்லிச் சொல்லியே கார்டின் உயிர் போயிற்று. ஃபேனைப் பார்க்க அதற்கு நேரமே கிடைக்கவில்லை. பக்கம் தாமதமாக வந்தது. தாமதமாக வந்ததால் எல்லோரும் இன்னும் வேகமாகத் தட்டினார்கள். ஒரு நாள் ஒரு ஃபேன் நின்றே போய், அதைக் கார்டு கவனிக்கவே வெகுநேரம் ஆயிற்று. இரண்டு திரை போதும், மற்றதை மூடுங்கள் என்று பொன்னப்பாவைக் கெஞ்சினேன். அவர் முகம் வாடிவிட்டது.

“பார்க்கக் கூடாதுன்னா அப்புறம் பேஜ் எதுக்கு மேடம் வெச்சிருக்கீங்க?”

பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் செக்யூரிட்டி அறையிலிருந்து போன். பக்கத்தில் ஒரு சிவப்பு எரிகிறது, என்ன செய்தாலும் அணையவில்லை என்றார்கள். பிரவுசரை மூடித் திறந்தார்களாம், கம்ப்யூட்டரையே நிறுத்திப் போட்டார்களாம், அப்போதும் இருக்கிறதாம். விடுமுறை மயக்கத்தில் கிடந்த ஊரில் ஆட்டோக்காரரிடம் மன்றாடிச் சந்தாபுரா போய்ச் சேர்ந்தேன். கேபினட் அறைக்கு ஓடினேன். மாலையும் வாழைக்கன்றுமாக இரண்டும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு செக்யூரிட்டி அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். முதல் நாள் மானிட்டருக்குப் பூஜை போட்டிருக்கிறார்கள். கண்ணாடி நடுவில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம். சுற்றியிருந்த சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட, நடுவில் குங்குமம் மட்டும் வட்டமாக ஒட்டிக்கொண்டு, சரியாக ஃபேன் என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று. எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர் தேவராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மர்பி டவுன் தமிழர். பூஜையைப் பார்த்துப் பார்த்துச் செய்தவரே அவர்தான். அவர் என்னிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை, பயத்தோடு பேசினார்.

“இன்னா மேடம் இது, பூஜைப் பொட்டைப் போயி அழிச்சிட்டீங்களே! இனிமே இங்க எது கெட்டாலும் எங்க ஆளுங்க மேல சொல்லக் கூடாது, ஆமா.”

தெர்மாமீட்டர்

கெட்டது. தையில் ஒரு ஃபேன், மாசியில் இரண்டு. ஒவ்வொரு தடவையும் தேவராஜ் என் கையை ஒரு பார்வை பார்ப்பார். காரணம் பொட்டு இல்லை. ஃபேன்களை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தது நாகராஜ் சாரின் மைத்துனர். இந்த விஷயம் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பங்குனி பிறந்ததும் கேபினட் கொதிக்க ஆரம்பித்தது. மதியமானால் மஞ்சள், கொஞ்ச நேரத்தில் சிவப்பு. என் சர்வர் சொன்னதில் எள்ளளவும் பொய் இல்லை. ஆனால் சோதனை முடிய இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. ஒவ்வொரு சிவப்பும் என் வேலையிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. அதை எழுதிய நானே தினமும் திரையைப் பார்த்து, ‘இன்றைக்கு மட்டும் சும்மா இரு’ என்று வேண்டிக்கொள்வேன்.

விற்பனைத் தலைவர் வெங்கட் என் மேஜைக்கு வந்தார். எவ்வளவு சூட்டில் சிவப்பு எரிய வேண்டும் என்பதைப் பக்கத்திலேயே மாற்றிக்கொள்ள நான் ஒரு வசதி வைத்திருந்தேன். ஆனால் பேட்டரி தாங்காத அளவு ஒன்று உண்டல்லவா? அதற்கு மேல் யார் கேட்டாலும் சர்வர் ஏற்காது. வெங்கட் அதைத்தான் முயன்று பார்த்திருக்கிறார். அது அவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லியிருக்கிறது. அந்தத் தடையை எடுத்துவிடு என்றார். எடுத்தால் பேட்டரி ஊதும், வெடித்தாலும் வெடிக்கும், அந்த அறைக்குள் தேவராஜும் அவர் ஆட்களும் போய் வருகிறார்கள், என்னால் முடியாது என்றேன். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது தானே அடங்கும், ஃபேனை மாற்றுங்கள் என்றும் சொன்னேன். மைத்துனரை மாற்றச் சொன்னது போல அவர் என்னைப் பார்த்தார். வெங்கட் கெட்டவர் இல்லை. அந்த ஆர்டர் வராவிட்டால் அவர் பாடும் திண்டாட்டம்தான்.

“காய்ச்சலைக் காட்டறது தெர்மாமீட்டரோட தப்பு இல்லைன்னு எனக்கும் தெரியும்மா. ஆனா ஆர்டர் தர்றவன் தெர்மாமீட்டரைத்தானே பார்க்கிறான்?”

பச்சை பல்பு

சித்திரை வெயிலில் ஒரு நாள் இரண்டாவது கேபினட்டில் ஒரு பேட்டரி ஊதியது. என் பக்கம் முன்கூட்டியே சிவப்பாகிக் கத்தியது. தேவராஜின் ஆட்கள் போய் அந்த வரிசையைக் கழற்றி ஒதுக்கினார்கள். ஒரு கம்ப்யூட்டர் நிற்கவில்லை, ஒருவருக்கும் கீறல் இல்லை. இதற்காகத்தானே ஐயா இத்தனை பாடுபட்டு எழுதினேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசிக் கூட்டத்துக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். எங்கள் கேபினட் எத்தனை தரம் அபாயம் சொன்னது என்று செக்யூரிட்டி நோட்டில் குறித்து வைத்திருந்ததைப் பொன்னப்பா வாசித்தார். நீளமாக இருந்தது. போட்டிக் கம்பெனியின் கேபினட்டுக்கு வந்தார். அதற்கு நேரே ஒன்றுமே இல்லை.

அந்தக் கேபினட்டில் வெப் சர்வரும் கிடையாது, பக்கமும் கிடையாது. முகப்பில் ஒரே ஒரு பச்சை பல்பு. கரண்ட் இருக்கிறவரை அது எரியும்; உள்ளே இட்லி வெந்தாலும் எரியும். அன்று காலையில்தான் அதன் கதவில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்திருந்தேன், அவ்வளவு சூடு. அதைச் சொன்னேன். நீங்களே ஒரு முறை வந்து தொட்டுப் பாருங்கள் சார் என்று பொன்னப்பாவைக் கூப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெங்கட் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். உள்ளதைச் சொன்னால் உடம்பெல்லாம் எரிச்சல் என்பார்கள். பொன்னப்பாவுக்கு எரிச்சல்கூட இல்லை, பரிதாபமாகத்தான் பார்த்தார்.

“தொட்டுப் பார்க்கறது என் வேலை இல்லை மேடம். உங்களது வாரா வாரம் ஒரு ப்ராப்ளம் சொல்லுது, அவங்களது ஒரு ப்ராப்ளமும் சொல்லலை. நான் ஹெட் ஆபீஸுக்கு வேற என்னன்னு எழுதறது?”

கடைசி முறை சந்தாபுராவுக்கு

நாகராஜ் சார் சொன்ன சொல் தவறவில்லை. ஆர்டர் கை விட்டுப் போனதும் கார்டு பிரிவை மூடினார். அந்த மாதக் கடைசியோடு என்னை நின்றுகொள்ளச் சொன்னார். நிற்பதற்கு முன் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்: சந்தாபுராவுக்குப் போய் இரண்டு கேபினட்டையும் கழற்றி ஏற்றிவிட வேண்டும். நான் பெற்றதை நானே போய்ப் புதைக்கிற மாதிரி இருந்தது. தேவராஜ் கூட இருந்து உதவினார். கார்டிலிருந்து நெட்வொர்க் வயரை என் கையாலேயே பிடுங்கினேன். கார்டின் சின்ன விளக்கு இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. அப்போது எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. தேவராஜ் பார்க்காதது போல ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

கையெழுத்து வாங்க ரிசப்ஷனுக்கு வந்தேன். அங்கே திரையில் என் பக்கம். எல்லாம் பச்சை. ஃபேன்கள் ஓடுகின்றன, பேட்டரி முழுசாக இருக்கிறது, சூடு இதமாக இருக்கிறது. கேபினட்டோ வெளியே டெம்போவில் படுத்துக்கிடக்கிறது, கார்டு என் கைப்பையில் இருக்கிறது. ஒரு நிமிஷம் எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தேன். மூலையில் இருந்த தேதி முந்தின கார்த்திகை மாதத்தினுடையது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒரு எண்கூட அசையவில்லை. பொன்னப்பா யாரோ வெளிநாட்டு விருந்தினர்களுக்கு அதைக் காட்டி, எங்கள் பவர் எல்லாம் இப்படித்தான் நொடிக்கு நொடி கண்காணிப்பில் இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்ததும் என் பக்கம் திரும்பிக் கை குலுக்கினார். அவர் முகத்தில் கள்ளமே இல்லை.

“ஒரு நாள் எல்லாம் பச்சையா இருந்துச்சு மேடம், அப்படியே ஸேவ் பண்ணி வெச்சுக்கிட்டோம். கார்டை நீங்க தாராளமா எடுத்துட்டுப் போகலாம், அது இல்லாமலே பேஜ் ரொம்ப நல்லா ஓடுது.”

ஆக, உள்ளதைச் சொன்ன சர்வருக்கும் அதை எழுதியவளுக்கும் சேர்ந்தே வேலை போயிற்று, எதனோடும் தொடர்பில்லாத அந்தப் பக்கத்துக்கு மட்டும் வேலை நிரந்தரமாயிற்று.